படங்கள் தொலைவதில்லை, கைவிட்டுப் போகின்றன

ஒரு கோடிக் கோப்புகளைச் சேமித்து வைத்தால், சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றே ஒன்று தொலையக்கூடும். அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 என்ற சேமிப்புச் சேவையின் நம்பகத்தன்மைக்கு அந்த நிறுவனம் தரும் விளக்கம் இது. சதவீதமாகச் சொன்னால் 99.999999999, மொத்தம் பதினொரு ஒன்பதுகள். இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பொறியியல் உண்மையானது. நம் படங்களையும் வீடியோக்களையும் வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய சேவைகள் அனைத்தும் ஏறக்குறைய இதே வகை ஏற்பாட்டின் மீதுதான் நிற்கின்றன.

இவ்வளவு உறுதியான கிடங்கில் வைத்த படங்களை மக்கள் ஏன் இழக்கிறார்கள்? குழந்தையின் முதல் ஆறு மாதப் படங்கள் போய்விட்டன, திருமண வீடியோவைத் திறக்க முடியவில்லை, பழைய கணக்குக்குள் நுழையவே வழியில்லை என்று சொல்பவர்களை எங்கும் பார்க்கிறோம். அவர்களில் சர்வரின் வட்டு பழுதாகிப் படத்தை இழந்தவர்கள் மிக அரிது. சந்தா நின்றுபோனது, விதி மாறியது, கணக்கு முடங்கியது, ஒரு சாதனத்தில் அழித்தது எல்லாச் சாதனங்களிலும் அழிந்தது, கணக்கின் உரிமையாளர் இறந்துபோனார் என்று காரணங்கள் வேறு பக்கம் இருக்கின்றன. இணையச் சேமிப்பைப் பற்றி நாம் அஞ்சுவது ஒன்று, அஞ்ச வேண்டியது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முதலில் அந்தக் கிடங்கு எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

பட்டனை அழுத்திய பிறகு

செல்பேசியில் எடுத்த ஒரு படம் மேலே, அதாவது இணையக் கிடங்குக்கு, போவதற்கு முன்பே அதற்கு ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. கோப்பில் 0, 1 என்று பதிந்துள்ள எல்லா பிட்டுகளையும் ஒரு கணிதச் சார்புக்குள் செலுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். டிராப்பாக்ஸ் என்ற சேமிப்புச் சேவை தன் கோப்புகளை 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இத்தகைய கைரேகையைக் கணக்கிடுகிறது. அதே கைரேகை உள்ள துண்டு ஏற்கெனவே சர்வரில் இருந்தால் அதை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு பெரிய கோப்பில் சிறு திருத்தம் செய்தால், மாறிய துண்டு மட்டும் போய்ச் சேர்வதற்கும் இதுதான் காரணம்.

போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு படத்தை மூன்று இடங்களில் நகலெடுத்து வைப்பது எளிய வழி. ஆனால் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். எனவே பெரிய நிறுவனங்கள் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட ஒரு முறையைக் கையாளுகின்றன. ஃபேஸ்புக் தன் பழைய படங்களுக்காக அமைத்த கிடங்கைப் பற்றி 2014இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தரவை 10 துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றிலிருந்து கணக்கிட்டு மேலும் 4 துண்டுகளை உருவாக்குகிறார்கள். இந்தப் பதினான்கில் எந்தப் பத்து பிழைத்திருந்தாலும் முழுத் தரவையும் பிட் பிசகாமல் மீட்டுவிடலாம். துண்டுகள் தனித்தனி வட்டுகளில் இருப்பதால், நான்கு வட்டுகள் ஒரே நேரத்தில் செத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. செலவாகும் கூடுதல் இடமோ நாற்பது சதவீதம் மட்டுமே. கீறல் விழுந்த சிடி திக்காமல் பாடியதும் இதே கணிதத்தின் உபயத்தில்தான்.

இதோடு முடிவதில்லை. வட்டில் எழுதி வைத்த பிட்டுகள் காலப்போக்கில் யாருக்கும் தெரியாமல் புரண்டுவிடக்கூடும். பெரிய சேவைகளில், சேமித்த துண்டுகளை அவ்வப்போது எடுத்துப் படித்து, பழைய கைரேகையோடு ஒப்பிட்டு, ஒத்துவரவில்லை என்றால் மற்றத் துண்டுகளிலிருந்து புதிதாகக் கட்டும் வேலை பின்னணியில் ஓயாமல் நடக்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படிப்பட்ட காவல் கிடையாது. பத்து ஆண்டுகள் கழித்து எடுத்து இணைக்கும்போதுதான் அது உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியும். ஆகவே, வீட்டு வட்டுதான் பாதுகாப்பு, இணையம் ஆபத்து என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிட்டுகளைக் காப்பாற்றும் திறமையில் அந்தக் கிடங்குகளோடு நாம் போட்டிபோடவே முடியாது.

இந்தப் பொறியியலும் தவறியதுண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்களின் தரவு அதோடு போயிற்று. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் நகரிலிருந்த அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிதாக இருந்ததால் அதற்கு வெளியே பேக்கப் எடுத்திருக்கவில்லை. 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களை சர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஒப்புக்கொண்டது 2019இல். 5 கோடிக்கும் அதிகமான பாடல்கள் என்று செய்திகள் மதிப்பிட்டன. மூன்றிலும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது நகல் வேறோர் இடத்தில் இல்லை. கணிதம் தோற்கவில்லை; அதைச் செயல்படுத்த வேண்டியவர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

வரம்பற்றது என்ற வாக்குறுதி

இனி பணத்துக்கு வருவோம். இழப்புகளின் ஊற்றுக்கண் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் அறிமுகமானபோது, 16 மெகாபிக்சல் வரையிலான படங்களையும் 1080பி வரையிலான வீடியோக்களையும் எண்ணிக்கை வரம்பே இல்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு மேல் பெரிதாக இருந்தால் சுருக்கிவிடும். கோடிக்கணக்கானோர் தங்கள் வாழ்க்கையையே அதில் கொட்டினார்கள். 2020 நவம்பரில் அறிவிப்பு வந்தது: 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறும் ஒவ்வொரு படமும் 15 ஜிகாபைட் இலவச அளவில் கணக்கு வைக்கப்படும். அப்போது அந்தச் சேவையில் 4 லட்சம் கோடிக்கும் அதிகமான படங்கள் இருந்தன. ஒவ்வொரு வாரமும் 2,800 கோடிப் படங்களும் வீடியோக்களும் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தன. அந்தத் தேதிக்கு முன்பு ஏற்றிய சுருக்கப்பட்ட படங்களுக்கு மட்டும் கணக்கிலிருந்து விலக்கு அளித்தார்கள். இந்த வகையில் அது கண்ணியமான விலகல் என்றே சொல்வேன். மற்றவர்கள் அந்த அளவுக்கும் நடந்துகொள்ளவில்லை.

மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ் சந்தாதாரர்களுக்கு ஒன்டிரைவ் என்ற தன் சேமிப்புச் சேவையில் வரம்பற்ற இடம் என்று 2014 அக்டோபரில் அறிவித்து, 2015 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. சிலர் தங்கள் எல்லாக் கணினிகளையும், மொத்தத் திரைப்படச் சேகரிப்பையும் ஏற்றி 75 டெராபைட்டைத் தாண்டிவிட்டார்கள், அது சராசரிப் பயனரைப் போல 14,000 மடங்கு என்று காரணம் சொன்னது. வரம்பில்லை என்று சொன்னதை அப்படியே நம்பியவர்களை, நம்பியதற்காகக் குற்றம் சாட்டுவதுபோல அது இருந்தது. அதே அறிவிப்பில் இலவசப் பயனர்களின் 15 ஜிகாபைட்டும் 5 ஆகக் குறைந்தது. அமேசான் 2015இல் கொண்டுவந்த வரம்பற்ற திட்டம் 2017இல் முடிந்தது. அமேசான் டிரைவ் என்ற சேவையே 2023 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. ஃபிளிக்கர் 2013இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றது. கைமாறிய பின், 2018 நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்று அறிவித்து, அடுத்த ஆண்டு மிகுதிப் படங்களை அழிக்கத் தொடங்கியது. போட்டோபக்கெட் 2017இல் செய்தது இன்னும் முரட்டுத்தனமானது. அங்கே வைத்த படங்களை மற்றத் தளங்களில் காட்டும் வசதிக்கு ஆண்டுக்கு 399.99 டாலர் என்று திடீரெனக் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கணக்கில் மக்கள் படத்தோடு எழுதி வைத்திருந்த செய்முறை விளக்கங்கள் ஒரே நாளில் படமில்லாப் பக்கங்களாயின.

இத்தனை பேரும் ஒரே மாதிரி பின்வாங்குகிறார்கள் என்றால் அது தனித்தனி நிறுவனங்களின் குணக்கேடாக இருக்க முடியாது. சேமிப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செலவு அல்ல. 2016இல் எடுத்த ஒரு படத்துக்காக இன்றும் வட்டு சுழல வேண்டும், மின்சாரம் போக வேண்டும், கட்டடத்தைக் குளிர்விக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டையே மாற்ற வேண்டும். படத்தின் உரிமையாளர் அதைத் திறந்து பார்ப்பதோ எப்போதாவது ஒருமுறை. வட்டின் விலை ஆண்டுக்கு ஆண்டு வேகமாகச் சரிந்துகொண்டிருந்தவரை, பழைய படங்களின் சுமை தானாகக் குறையும் என்ற நம்பிக்கையில் இலவசம் ஓடியது. விலைச் சரிவு மந்தமாகி, செல்பேசிகள் 4கே வீடியோ எடுக்கத் தொடங்கியதும் கணக்கு உதைத்தது. தவிர, இலவசத்தின் நோக்கமே ஆள் சேர்ப்பதுதான். பத்து ஆண்டுப் படங்களை ஒருவர் ஓரிடத்தில் குவித்துவிட்டால் அங்கிருந்து கிளம்புவது கடினம். அதன் பிறகு கட்டணம் கேட்டால் பெரும்பாலானோர் கட்டிவிடுவார்கள்.

கட்டணம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. பார்க்கப்போனால், காசு வாங்கும் சேவையை இலவசச் சேவையைவிட அதிகம் நம்பலாம்; அதற்கு நம்மைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. என்னை உறுத்துவது இடத்தைக் கட்டிப்போடும் விதம். ஆப்பிள் 2011இல் ஐகிளவுடைத் தொடங்கியபோது தந்த இலவச அளவு 5 ஜிகாபைட். செல்பேசியின் கொள்ளளவு பல மடங்கு பெருகிவிட்டது. அந்த ஐந்து மட்டும் ஐந்தாகவே நிற்கிறது. கூகுளின் 15 ஜிகாபைட்டோ மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் பொது. ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே கணக்கில் சேர்ந்துகொண்டது. நிரம்பினால் படம் ஏறாதது மட்டுமல்ல, மின்னஞ்சல் வருவதும் போவதும் நின்றுவிடும். நண்பர்கள் குழுவில் வந்து குவிந்த வீடியோக்களால் வேலைக்கான அழைப்புக் கடிதம் வராமல் போகலாம். வரம்பை மீறிய நிலையிலேயே இரண்டு ஆண்டுகள் கிடந்தால் உள்ளே இருப்பவற்றை நீக்கவும் விதி இடம் தருகிறது.

ஒத்திசைவு பேக்கப் ஆகாது

விதி மாறினால் அறிவிப்பாவது வரும். அறிவிப்பே இல்லாமல், நம் கையாலேயே நடக்கும் இழப்பு ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அதுதான் அதிகம் வலிக்கக்கூடியது என்று நினைக்கிறேன்.

பேக்கப் என்றால், மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் நகல் அசையாமல் இருக்க வேண்டும். ஒத்திசைவு அப்படியல்ல. செல்பேசி, டேப்லெட், கணினி, சர்வர் நான்கும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே அதன் கடமை. ஒன்றில் சேர்த்தால் எல்லாவற்றிலும் சேர்க்கும். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழிக்கும், அதுவும் மிக விசுவாசமாக. செல்பேசியில் இடம் போதவில்லை, படங்கள்தான் மேலே போய்விட்டனவே என்று எண்ணி ஒருவர் ஆயிரம் படங்களைத் தேர்ந்தெடுத்து அழிக்கிறார். அவர் அழித்தது செல்பேசியில் உள்ள நகலை மட்டுமல்ல. செயலி உடனே சர்வருக்கும் தகவல் சொல்கிறது. குப்பைத்தொட்டியில் கூகுள் 60 நாள் வைத்திருக்கும், ஆப்பிள் 30 நாள். மூன்று மாதம் கழித்துத் தேடும்போது எங்கும் இருக்காது. கூகுள் போட்டோஸில் ‘இடத்தை விடுவித்தல்’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது. ஏற்கெனவே மேலே போன படங்களின் செல்பேசி நகலை மட்டும் அது நீக்கும். அதற்கும் வழக்கமான அழிப்புக்கும் உள்ள வேறுபாடு திரையில் ஒரு வரிதான். அந்த ஒரு வரியின் மேல் எத்தனையோ குடும்பங்களின் ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. செல்பேசியில் இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாட்டை இயக்கிவிட்டால், முழு அளவுப் படம் சர்வருக்குப் போய்விடும்; செல்பேசியில் தங்குவது சிறிய உருவம் மட்டுமே. கேலரியைத் திறந்தால் எல்லாப் படமும் இருப்பதுபோல்தான் தெரியும். படங்கள் செல்பேசியிலேயே இருக்கின்றன என்ற தைரியத்தில் சந்தாவை நிறுத்துபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவடையாமல் மங்கலாகவே நின்றால் மூலம் உங்களிடம் இல்லை.

சாவி யாரிடம்

கணக்கு ஒன்றே ஒன்று, அதற்குள் எல்லாமும் என்பதால் கணக்கு முடங்கினால் எல்லாமே முடங்கும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2021இல் ஒரு தந்தைக்கு நேர்ந்ததை நியூயார்க் டைம்ஸ் அடுத்த ஆண்டு வெளியிட்டது. உடல்நலமில்லாத தன் குழந்தையின் உறுப்பை மருத்துவரிடம் காட்டுவதற்காக அவர் செல்பேசியில் படம் எடுத்தார். அது தானாக மேலே ஏறியது, சிறார் மீதான பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டறியும் கூகுளின் மென்பொருள் அதைப் பிடித்தது, கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சல், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட படங்கள், தொடர்பு எண்கள், அந்த நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையில் இருந்ததால் செல்பேசி எண் எல்லாம் ஒரே அடியில் போயின. காவல் துறை விசாரித்துக் குற்றம் ஏதும் இல்லை என்று முடித்தது. அதற்குப் பிறகும் கணக்கு திரும்பவில்லை.

இந்தக் கண்காணிப்புக்கு நியாயமான தேவை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மைக்ரோசாஃப்டும் டார்ட்மத் கல்லூரியும் 2009இல் உருவாக்கிய போட்டோடிஎன்ஏ, ஏற்கெனவே அறியப்பட்ட கொடுமைப் படங்களின் கைரேகையை வைத்து அவற்றின் பரவலைப் பிடிக்கிறது. அதனால் மீட்கப்பட்ட குழந்தைகள் உண்டு. அறியப்படாத புதிய படங்களையும் இயந்திரமே ஊகிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் கூடியது. ஊகம் தவறலாம். தவறினால் முறையிட ஓர் ஆள், ஒரு மேசை, ஒரு கால வரம்பு இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் மொத்த ஆவணத்தையும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்திடம் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நிறுவனத்தால் நம் படங்களைப் பார்க்கவே முடியாதபடி செய்துவிடலாமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான சேவைகளில் படங்கள் குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே இருக்கும்; ஆனால் பூட்டும் சாவியும் நிறுவனத்திடமே. முனைக்கு முனை குறியாக்கத்தில் சாவி பயனரின் சாதனத்தில் மட்டும் இருக்கும். ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐகிளவுட் படங்களுக்கு இந்த வசதியை விருப்பத் தேர்வாகத் தந்தது. பிரிட்டன் அரசின் நெருக்கடியைத் தொடர்ந்து 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் மட்டும் அதை விலக்கிக்கொண்டது. என்டே, புரோட்டான் டிரைவ் போன்ற சேவைகள் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இயங்குகின்றன. இதற்கு ஒரு விலை உண்டு. கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தொலைத்துவிட்டால், எந்த வாடிக்கையாளர் சேவை மையத்தாலும் படங்களைத் திறந்து தர முடியாது. தனியுரிமையைவிட மறதிதான் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து என்றால், சாதாரணக் குறியாக்கமே போதும் என்று துணிந்து சொல்வேன். கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு மட்டும் கட்டாயம் வேண்டும். 2014இல் திரைக்கலைஞர்கள் பலரின் அந்தரங்கப் படங்கள் ஐகிளவுடிலிருந்து கசிந்தபோது, திருடர்கள் உடைத்தது குறியாக்கத்தை அல்ல. போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வெளியேறும் வாசல்

ஒரு சேமிப்புச் சேவையை எடைபோட விரும்புபவர்கள் பெரும்பாலும் எத்தனை ஜிகாபைட், மாதம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேற எவ்வளவு பாடு என்பதைத்தான்.

கூகுளில் அந்த வாசலின் பெயர் டேக்அவுட். விண்ணப்பித்தால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஜிப் கோப்புகள் தயாராகும். பதிவிறக்க இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரம் உயிரோடு இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் வகையில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு கிடக்கும். அதைத் திறந்தால் படத்தின் பெயர், நீங்கள் எழுதிய விளக்கம், இடம், பிறகு எடுத்த நேரம் என்று 1433116800 போன்ற ஓர் எண். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் கணக்கு அது. உலகப் பொது நேரப்படி 2015 ஜூன் 1 பிறந்த கணம். செல்பேசியில் நேரடியாக எடுத்த படத்தில் தேதியும் இடமும் படத்துக்குள்ளேயே எக்சிஃப் குறிப்பாகப் பதிந்திருக்கும். அதற்கு இந்தத் துணைக் கோப்பு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கும், ஸ்கேன் செய்த பழைய ஆல்பத்துக்கும் அந்தக் குறிப்பு இருக்காது. தாத்தாவின் படத்துக்கு நீங்கள் உட்கார்ந்து திருத்திய தேதி அந்தத் துணைக் கோப்பில் மட்டுமே இருக்கிறது. அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டுப் படங்களை மட்டும் வேறு சேவையில் ஏற்றினால், அறுபது ஆண்டுக் குடும்ப வரலாறு முழுவதும் நீங்கள் பதிவிறக்கிய அந்த ஒரே நாளில் நடந்ததாகக் காட்டும். எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் துணைக் கோப்பின் தகவலைப் படத்துக்குள் எழுதலாம். செய்ய முடியும், ஆனால் எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல.

சேவையிலிருந்து சேவைக்கு நேரே மாற்றும் வழிகளும் வந்திருக்கின்றன. ஐகிளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்குப் படங்களை மாற்றித் தரும் வசதியை ஆப்பிள் 2021 மார்ச்சில் தொடங்கியது. தன் தரவைத் தானே எடுத்துச் செல்லும் உரிமையை 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. இந்த வாசல்கள் அகலமானதில் அதற்குப் பங்குண்டு. பாடல்களும் திரைப்படங்களும் வேறு கதை. காசு கொடுத்து வாங்கினோம் என்று நாம் எண்ணும் பலவும் பார்க்கவும் கேட்கவுமான அனுமதிதான். வெளியே எடுத்துச் செல்லும் உரிமை அதில் அடங்காது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இணையச் சேவை இரண்டாவது நகலாக இருக்க வேண்டும், மூலமாக அல்ல. பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய ‘3-2-1’ விதி இதற்கு நல்ல வழிகாட்டி. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த வெளி நகலுக்கு இணையக் கிடங்கைப் போலப் பொருத்தமானது வேறில்லை. தீயும் வெள்ளமும் திருட்டும் வீட்டில் நடக்கும்போது அது தப்பியிருக்கும். முழு அளவு மூலம் மட்டும் உங்கள் வட்டு ஒன்றில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை டேக்அவுட் போன்ற ஏற்றுமதியை எடுத்து, ஜேசன் கோப்புகளோடு அப்படியே அதில் போட்டு, பழையதில் சில, புதியதில் சில, வீடியோக்களில் சில என்று திறந்து ஓட்டிப் பாருங்கள். இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே சொந்தச் சேவை நடத்துவோரும் இருக்கிறார்கள். ஆர்வம் உள்ளவர்களுக்கு அது அருமையான வழி. ஆனால் மென்பொருளைப் புதுப்பிப்பது, வட்டைக் கண்காணிப்பது, நள்ளிரவில் பழுது பார்ப்பது எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழும். அவருக்குப் பிறகு குடும்பத்தில் யாருக்கும் அதைத் திறக்கத் தெரியாது என்றால் பலன் இல்லை.

அவருக்குப் பிறகு என்ற கேள்வி எல்லாச் சேவைகளுக்கும் பொருந்தும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பர் முதல் செயல்படுத்துகிறது. இறந்தவர் கணக்கைத் தொட மாட்டார். எனவே அவர் படங்களுக்கு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இதற்காகவே 2013 முதல் அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது: கணக்கு இத்தனை மாதம் செயல்படாமல் இருந்தால் இன்னாருக்குத் தகவல் சொல், இன்னின்னவற்றைப் பதிவிறக்க அனுமதி கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பத்து நிமிட வேலை. ஆப்பிளில் 2021 டிசம்பரில் வந்த வாரிசுத் தொடர்பு வசதிப்படி, நீங்கள் நியமித்தவர் உங்கள் இறப்புச் சான்றிதழையும், நியமிக்கும்போது உருவான அணுகல் சாவியையும் கொடுத்தால் படங்களையும் குறிப்புகளையும் அடையலாம். சேமித்து வைத்த கடவுச்சொற்கள் அவருக்குக் கிடைக்காது. உரிமம் பெற்று வாங்கிய பாடல்களும் திரைப்படங்களும் நூல்களும் கிடைக்காது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம். அது முடிந்ததும் கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும். ஆகவே யாரை நியமிக்கிறீர்களோ அவரிடம் சாவியின் நகலைக் கொடுத்து வையுங்கள். பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.